அக்கா பதினோரு முறை குளித்த நாள்

குற்றாலம் மெயின் அருவியின் பெண்கள் பக்கத்திலிருந்து என் அக்கா கோமதி சொட்டச் சொட்ட நனைந்து வெளியே வந்தாள். முந்தானையைப் பிழிந்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு, குளித்து முடித்தவர்கள் போகும் வழியில் போகாமல், சுற்றி நடந்து மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் கூப்பிட்டேன். "அக்கா, இது எத்தனாவது?"

"ஒம்பது," என்றாள், பற்கள் தந்தியடிக்க. "அவ வருதாளா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல."

கையில் கம்போடு வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த காவல்கார அம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏம்மா, நானும் காலையிலேருந்து பாக்கேன். குளிக்கே, வாறே, மறுபடி நிக்கே. உனக்கு வீடு வாசல் கெடையாதா?"

"என் தம்பி பொண்டாட்டிக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன். அவ ஓடி வந்துட்டு இருக்கா."

"எங்கேருந்து?"

"இலத்தூர்க் குளத்தை நீந்திக் கடந்து, வாசுதேவநல்லூர் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டுத் திரும்பி, இப்பம் ஐந்தருவிப் பக்கமாட்டு ஓடி வருதா."

காவல்கார அம்மாள் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்காவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எழுபதுகளின் கடைசியோ எண்பதுகளின் தொடக்கமோ, எங்கள் இளைய மகளுக்கு முன்பல் விழுந்த வருஷம் என்பது மட்டும் நிச்சயம். நல்ல சாரல் காலம். முகத்தில் பூந்தூறல், காதில் அருவிச் சத்தம், எங்கிருந்தோ மிளகாய் பஜ்ஜி வாசனை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் என் மனைவி வந்தாக வேண்டும்.

விசிலும் தாலியும்

எங்கள் கல்யாணப் பந்தலில் நான் மோதிரத்தைத் தொலைத்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், 'உங்கள் மனைவி பொறுமையின் சிகரமாக இருக்க வேண்டும்' என்று கடிதம் போட்டிருக்கிறார். பொறுமையா? செண்பகத்துக்கா? அம்மா, அந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

செண்பகம் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். விசில் கயிறும் தாலிக்கொடியும் வாரம் ஒருமுறையாவது சிக்கிக்கொள்ளும். அதைப் பிரித்துவிடுவது என் வேலை. தாலுகா அலுவலகக் குமாஸ்தாவுக்கு முடிச்சு அவிழ்ப்பது புதிதா என்ன?

அவளுக்கு வரிசை என்றால் உயிர். வரிசையில் முந்துகிற பிள்ளை மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். தலைமையாசிரியையின் சொந்த மகளே ஓடியிருக்கிறாள். எங்கள் வீட்டில் தோசைக்குக்கூட வரிசை உண்டு. சின்னவள், பெரியவள், பிறகு நான். ஒருநாள் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று நான் இடையில் தட்டை நீட்டினேன். அன்றைக்கு வெறும் வயிற்றோடு போனேன்.

அவளிடம் பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட கோ-கோ அணி ஒன்று இருந்தது. தொட்டுவிட்டு ஓடினால் கண்ணுக்குத் தெரியாது, அப்படி ஒரு வேகம். அந்தப் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. மூன்று வருஷமாகக் கேட்டாள். மூன்று வருஷமும் பள்ளித் தாளாளர் ஒரே பதிலைச் சொன்னார்.

"பொம்பளப் பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் வெயில்ல ஓடுததுக்குத் தெம்பு ஏது டீச்சர்? வெளியூர்ல மயங்கி விழுந்தா அப்பன் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்ல?"

சுபேதார் அண்ணாச்சியின் போட்டி

அந்தச் சமயம் பார்த்துத்தான் மேலகரம் சுபேதார் அண்ணாச்சி ஒரு போட்டியை அறிவித்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். வெளிநாட்டில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, நம் ஊர் மட்டும் என்ன குறைச்சல் என்று கிளம்பிவிட்டார்.

காலை ஆறு மணிக்கு இலத்தூர்க் குளத்தில் நீச்சல். கரையேறியதும் சைக்கிளில் வாசுதேவநல்லூர் போய்த் தென்காசிக்குத் திரும்ப வேண்டும். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு, மேலகரம் வழியாகக் குற்றாலம், ஐந்தருவி, மறுபடி குற்றாலம் என்று ஓட்டம். முடிவுக் கோட்டில் ரிப்பன் கட்டலாமா என்று நான்தான் கேட்டேன்.

"ரிப்பன் எதுக்குலே? குற்றாலத்துக்கு வந்தவன் தலை நனையாம போவானா? மெயின் அருவித் தண்ணி தலையில பட்டிருக்கணும். அதான் முடிவு. பன்னிரெண்டு மணிச் சங்குக்கு முன்னால படணும்."

அந்த விதியை அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவன் நான்தான். பதினான்கு ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். பதினைந்தாவதாகச் செண்பகம் போய்க் கொடுத்தாள். கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணாச்சி தாளை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார்.

"பொம்பளை வரக்கூடாதுன்னு இதுல இல்ல. விதியில இல்லாததை நான் சொல்ல மாட்டேன். எழுதிக்கோ."

செய்தி தாளாளர் காதுக்குப் போயிற்று. அவர் சிரித்துவிட்டு, ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். "சங்கு ஊதுததுக்குள்ள நீங்க முடிச்சுக் காட்டுங்க டீச்சர். பிள்ளைகளை நான் அனுப்புதேன். முடியலன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கப்பிடாது."

வீட்டுக்கு வந்தவள் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "இங்க பாருங்க, உங்க பழைய பேன்ட் ரெண்டு வேணும்," என்றாள்.

ஐந்து நகல் திட்டம்

எனக்கு நீந்தத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. ஓடுவதென்றால் பஸ்ஸுக்குப் பின்னால் மட்டும். ஆனால் திட்டம் போட என்னை அடிக்க ஆள் கிடையாது. கார்பன் தாள் வைத்து ஐந்து நகல் அடித்தேன். எந்த மணிக்கு எந்த இடம், யார் கையில் வாழைப்பழம், யார் கையில் குளுக்கோஸ் தண்ணீர், எல்லாம் கட்டம் போட்டு எழுதியாயிற்று. வாடகை சைக்கிள் ஒன்றைப் பிடித்து, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் பாரம் குறைத்தேன். என் பேன்ட் இரண்டையும் அக்கா செண்பகத்தின் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள்.

அக்காவை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தது. சங்கரன் அத்தானுக்குச் சொந்தமாக டிராக்டர் உண்டு. அதன் பின்னால் டிரெய்லரை மாட்டினோம், அதுதான் எங்கள் உதவி வண்டி.

முந்தின நாள் சாயங்காலம் குடும்பத்தைக் கூட்டித் திட்டத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் அக்கா கேட்டாள்.

"ஏலே, பொம்பளைக பக்கம் வரிசை நிக்குமே. அதை எங்கன எழுதியிருக்கே?"

"என்ன வரிசை?"

அக்காவும் செண்பகமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்து அந்த அருவியில் குளிக்கிறேன். ஆண்கள் பக்கம் அகலம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே போய்த் தலையைக் கொடுக்க வேண்டியதுதான். பெண்கள் பக்கம் குறுகல். சாரல் காலத்தில் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். நின்றால் இருபது நிமிஷம் ஆகும். இது சுபேதார் அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"கவலைப்படாத," என்றாள் அக்கா. "பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்க மாட்டோமா? நான் போயி வரிசையில நிக்கேன். செண்பகம் வந்ததும் என் எடத்துல அவ நிக்கட்டும். ஒரு ஆளுக்குப் பதிலா ஒரு ஆளு. யாரு என்ன சொல்லுவா?"

அது நியாயமாகத்தான் பட்டது. செண்பகமும் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். ஐந்து நகலிலும் பேனாவால் சேர்த்து எழுதினேன்.

நல்லெண்ணெயும் சீயக்காயும்

விடிந்தும் விடியாமலும் குளக்கரையில் நின்றோம். ஆண்கள் குதித்துக் கை கால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அக்கா ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள்.

"எண்ணெய் தேய்க்காம இந்தக் குளிர்ல தண்ணியில எறங்கினா சளி பிடிச்சுக்கிடும், வாட்டி," என்று தலையிலிருந்து பாதம் வரை, உள்ளங்கை உட்பட, செண்பகத்துக்குத் தேய்த்துவிட்டாள். தேய்த்த கையோடு, குற்றாலத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நீச்சலில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதாகக் கரையேறினாள். என் பேன்ட் தொடையில் ஒட்டிக்கொண்டிருக்க, சிரித்துக்கொண்டே ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தாள். பிடித்தாள் என்று எழுதுகிறேனே தவிர, பிடிக்க முடியவில்லை. கைப்பிடி வழுக்கியது. சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தாள். பெடலில் கால் நிற்கவில்லை.

எண்ணெய்க்கு மருந்து சீயக்காய். அக்கா விட்டுப்போன பையில் அதுவும் இருந்தது. கைப்பிடி, சீட்டு, பெடல், அவள் உள்ளங்கை, என் மூக்கு, எல்லாவற்றிலும் சீயக்காய்ப் பொடியைத் தூவினேன். அவள் தும்மிக்கொண்டே மிதித்துப் போனாள். அதற்குள் எட்டு ஆண்கள் முன்னால் போயிருந்தார்கள். நானும் பிள்ளைகள் இருவரும் தும்மிக்கொண்டே டிரெய்லரில் ஏறினோம்.

எங்கள் உதவியின் லட்சணம்

டிராக்டர் உழுவதற்கு உண்டானது. அத்தான் அதை மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடையநல்லூருக்கு முன்னால் செண்பகம் கண்ணைவிட்டே மறைந்துவிட்டாள். வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும் புளியோதரையும் எங்களோடு பின்னால் வந்துகொண்டிருந்தன.

"அத்தான், கொஞ்சம் வேகமா போங்களேன்."

"மாப்பிள, இதுக்கு மேல போனா டிரெய்லர் தனியாப் போகும், நான் தனியாப் போவேன். எதுல வருதீரு?"

கடையநல்லூரில் டிராக்டர் சூடாகிவிட்டது. தண்ணீர் ஊற்றி ஆற விட்டோம். காத்திருந்த நேரத்தில் பசித்தது. புளியோதரையைப் பிரித்தோம். பிறகு வாழைப்பழம். கடைசியாகக் குளுக்கோஸ் தண்ணீரைப் பெரியவள் குடித்து முடித்த நேரத்தில், எதிர்த் திசையிலிருந்து செண்பகம் திரும்பி வந்துகொண்டிருந்தாள்! பிள்ளைகள் டிரெய்லரில் நின்று "அம்மா, அம்மா" என்று குதித்தார்கள். அவள் எங்களையும் பார்த்தாள், இலையையும் பார்த்தாள். கையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாசுதேவநல்லூரில் நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். திரும்ப வேண்டிய இடம் அக்காவின் தெருமுனை. தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றிருக்கிறார்கள். கோமதியின் தம்பி பொண்டாட்டி ஒரு வாய் காப்பி குடிக்காமல் போவதா என்று சைக்கிளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். காப்பி கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு ஆண்கள் தாண்டிவிட்டார்கள். அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் போனது அந்தக் காப்பி மட்டும்தான். அதையும் நாங்கள் கொடுக்கவில்லை.

இருபது நிமிஷ வரிசை

இப்போது அருவிக்கு வருகிறேன். டிராக்டரைத் திருப்பிக்கொண்டு நாங்கள் வந்து சேர்ந்தபோதுதான் அக்கா ஒன்பதாவது குளியலை முடித்துவிட்டு வந்தாள்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. வரிசை நகரும். எட்டு மணிக்கே போய் நின்றுவிட்ட அக்கா, முன்னால் வந்ததும் ஒதுங்கி நின்று பின்னால் இருப்பவர்களை அனுப்பிப் பார்த்திருக்கிறாள். "குளிச்சா குளி, இல்லன்னா வெளிய போ" என்று காவல்கார அம்மாள் கம்பைக் காட்டினாள். குளித்துவிட்டு மறுபடி கடைசியில் நிற்பதைத் தவிர அக்காவுக்கு வேறு வழியில்லை. இப்படியே பத்து ஆயிற்று. வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் இதற்குள் எங்கள் குடும்பக் கதை மனப்பாடம்.

கோ-கோ பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளாளர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்துக்கு நடுவராகச் சுபேதார் அண்ணாச்சியின் மனைவி, கைக்கடிகாரத்தோடு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத அம்மாள். பதினான்கு ஆண்களில் ஆறு பேர் சைக்கிளோடு நிறுத்திக்கொண்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் தலை நனைந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். "டீச்சர்!" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

கடைத்தெரு வழியாக என் பேன்ட் ஓடி வந்தது. முழங்கால் வரை சேறு, தலையெல்லாம் சீயக்காய். செண்பகம் வருதா, செண்பகம் வருதா என்று நானும் அலறினேன். அதே நொடியில், நிற்க விடாமல் துரத்தப்பட்டு, பதினோராவது குளியலை முடித்துக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். பிடித்து வைத்த இடம் போயே போய்விட்டது.

செண்பகம் வரிசையைப் பார்த்தாள். அருவியைப் பார்த்தாள். தடுப்பில் நின்ற தன் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு நேரே போய், வரிசையின் கடைசியில், முன்னால் நின்றவளுக்கும் தனக்கும் ஒரு கை இடைவெளி விட்டு நின்றாள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "போயேன்! முன்னால போயேன்! ஒருநாள் முந்தினா ஒண்ணும் ஆகாது!" என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்களே, "போம்மா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றார்கள். அவள் அசையவில்லை.

"முந்தினா மூணு சுத்து ஓடணும்னு சொல்லிக் குடுத்தவ நான். பிள்ளைக பாத்துட்டு நிக்குதுங்க," என்றாள், மூச்சிரைக்க.

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம். அவ்வளவு கோபமும் அவ்வளவு பெருமையும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரக்கூடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணீர் வேறு வந்து தொலைத்தது. சீயக்காய் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னேன்.

"ஏட்டி கூறுகெட்டவளே!" என்று ஒரு சத்தம். அக்காதான். காலையிலிருந்து பதினோரு முறை நனைந்த ஆத்திரம் அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. ஓடி வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் தன் ஈரக் கூந்தலை அவிழ்த்தாள். செண்பகத்தின் உச்சந்தலைக்கு நேராகப் பிடித்து, போர்வை பிழிவதைப் போல இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள்.

"இது எந்தத் தண்ணியாம்? மெயின் அருவித் தண்ணிதானே! நனைட்டி!"

ஒரு நொடி எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். அப்புறம் அருவியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு பெரியம்மா, "என்கிட்டயும் இருக்குத்தா," என்று தன் முந்தானையைப் பிழிந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் துண்டைப் பிழிந்தாள். வெளியே வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிழி. காவல்கார அம்மாள் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் பங்குக்கு நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். செண்பகத்தின் தலையிலிருந்து சீயக்காய் நுரைத்துக்கொண்டு இறங்கியது. அவள் கண்ணை மூடி, கைகளை உடம்போடு ஒட்டி, வரிசை குலையாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

தாளாளர் குடையை மடக்கினார். "இது குளிச்சதாகுமா?" என்று கேட்டார்.

சுபேதார் அண்ணாச்சியின் மனைவி பாறையிலிருந்து எழுந்து வந்தார். செண்பகத்தின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையைத் திருப்பிப் பார்த்தார். எல்லோருக்கும் காட்டினார்.

"நனைஞ்சிருக்கு," என்றார். "எங்கன நின்னு நனையணும்னு விதியில இல்ல."

பிள்ளைகள் தடுப்பை உடைக்காத குறை. நான் அத்தானைக் கட்டிக்கொண்டேன். தாளாளரைக்கூடக் கட்டிக்கொண்டதாக அத்தான் சத்தியம் செய்கிறார், எனக்கு ஞாபகம் இல்லை. முடிந்துவிட்டது, வெளியே வா என்று செண்பகத்தைக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றுவிட்டாள். இருபது நிமிஷம் நின்று, தன் முறை வந்த பிறகு, அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தென்காசி பஸ் நிலையத்தில்

சாரல் ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகள் கிளம்பினார்கள். பன்னிரண்டு பேரும் ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். தாளாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு டின் முறுக்கு கொண்டுவந்திருந்தார். டீச்சருடன் துணைக்கு இன்னொரு பெண் போனால் நல்லது, ஆள் கிடைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வழியனுப்ப வந்திருந்தாள். தலையில் துண்டு. அன்றைக்குப் பிடித்த சளி இன்னும் விடவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டவளுக்கு ஒன்றும் இல்லை, தேய்த்துவிட்டவளுக்குத்தான் வந்தது. கல்யாணமாகி வாசுதேவநல்லூர் போனவள், அதன் பிறகு தென்காசி, குற்றாலம் தாண்டி ஒரு ஊரைப் பார்த்ததில்லை. பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, செண்பகத்தின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஊர்ல எங்கயாச்சும் வரிசையில நிக்க வேண்டியிருக்குமா செண்பகம்? ஆளு வேணும்னா சொல்லு."

செண்பகம் தன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினாள். வழக்கம்போலத் தாலிக்கொடியில் சிக்கியிருந்தது, நான்தான் பிரித்துக் கொடுத்தேன். அதை அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"ஏறுங்க மைனி," என்றாள்.

அக்கா ஏறவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால், ஒரு கை இடைவெளி விட்டு, பதின்மூன்றாவதாகப் போய் நின்றாள்.